வெயிலுக்கு முன்னே ஒரு பறவை நடை: வேலூரில் முதன்முறை போகிறவர்களுக்கு

விடியும் முன்பே குயில் கூவ ஆரம்பித்துவிட்டது. வேலூரில் வசந்தம் வந்ததற்கு இதைவிட வேறு அறிவிப்பு கிடையாது. மாசி பாதியிலிருந்து சித்திரை பிறக்கும்வரை கிடைக்கிற ஆறேழு வாரம்தான் நமக்கு. அதற்கப்புறம் வெயில் ஆளை வீட்டுக்குள் தள்ளிவிடும். இந்தச் சில வாரங்களில் வடக்கிலிருந்து வந்த தகைவிலான்களும் சூறைக்குருவிகளும் இன்னும் மொத்தமாகக் கிளம்பியிருக்காது. உள்ளூர்ப் பறவைகளோ ஜோடி தேடிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

முதல் தடவை தனியாகப் போகாதீர்கள், பலர் சேர்ந்து பறவை பார்க்கப் போகும் நடை ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் தடுமாறியதை, தெரிந்தவர் ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் சரிசெய்தார்.

1. நடையைக் கண்டுபிடியுங்கள்

கல்லூரி இயற்கை மன்றங்களிலும் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் விசாரியுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரி நடுவில் உலக அளவில் 4 நாள் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. அப்போது பெயர் கொடுத்து வைத்தால் பங்குனி நடைக்கும் கூப்பிடுவார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் என்றால் அது ஊர்வலம், நான் போக மாட்டேன்.

இடம் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றால், கோட்டை அகழிக் கரையைச் சொல்லுங்கள். மனித நடமாட்டத்துக்குப் பழகிய பறவைகள், சமமான தரை, தண்ணீரும் மரமும் பக்கத்தில் பக்கத்தில். அமிர்தி, ஜவ்வாது மலை எல்லாம் இரண்டாவது மூன்றாவது நடைக்கு இருக்கட்டும். காட்டில் பறவை இருக்கும், ஆனால் இலைக்குப் பின்னால் இருக்கும். தவிர, உள்ளே போக வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

2. முந்தின நாள் மாலை

காக்கி, பச்சை, சாம்பல் மாதிரி மங்கலான சட்டையாக எடுத்து வையுங்கள். தண்ணீர், தொப்பி, சின்ன நோட்டு. அவ்வளவுதான்.

பைனாகுலர் உடனே வாங்க வேண்டாம். நடத்துகிறவரிடம் உபரியாக ஒன்று இருக்கும், இரவல் கேளுங்கள். அதில் 8×42 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று அர்த்தம். ஆரம்பத்துக்கு இதுவே போதும். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும்.

அதை நம் கண்ணுக்குச் சரிசெய்வதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. முதலில் நடுக் கீலை மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை கொண்டுவாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் ஒரு கடைப் பலகையைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். எழுத்து கூர்மையானதும் நிறுத்துங்கள். இப்போது இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது பக்கக் கண்வில்லையில் இருக்கும் வளையத்தைத் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். இனி நாள் முழுக்க நடுச் சக்கரம் ஒன்று போதும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்வில்லை ரப்பரை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

அப்புறம் மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டுத் தென்னையில் உட்கார்ந்திருக்கும் காக்காயை வைத்துப் பழகுங்கள். பறவையின் மேலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. பைனாகுலர்தான் கண்ணுக்கு வர வேண்டும். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் மரம் முழுக்க மட்டைதான் தெரியும். இருபது தடவை செய்தால் கை பழகிவிடும்.

3. காலை ஆறு மணி

போய்ச் சேர்ந்ததும் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். காதுதான் முதலில் வேலை செய்யும். டொக், டொக், டொக் என்று கன்னான் செம்பு தட்டுகிற மாதிரி ஒரே சீராக ஒரு சத்தம் கேட்டால், அது செம்மார்புக் குக்குறுவான். இருக்கும் இடத்தைப் பிடிப்பது கஷ்டம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே தட்டும், சத்தம் இடம் மாறுகிற மாதிரி நம்மை ஏய்க்கும். விடிகிற நேரத்தில் அரசமரத்து உச்சியில், இலையில்லாத மொட்டைக் கிளையில் தேடுங்கள். பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். ஒருமுறை பைனாகுலரில் பார்த்தால் மறக்காது.

கண்டதை மற்றவர்களுக்குக் காட்ட "அதோ, அங்க" என்று கை நீட்டாதீர்கள். மரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, "புளியமரம், இரண்டு மணி, பட்டுப்போன கிளை" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

4. தண்ணீரோரம்

இந்தப் பருவத்தில் நான் அதிக நேரம் நிற்பது மடையானிடம்தான். குருட்டுக் கொக்கு என்று நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் அதே பறவை. மற்ற மாதங்களில் சேற்று நிறத்தில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பறந்தால் மட்டும் திடீரென்று வெள்ளை. இனப்பெருக்கக் காலம் வந்தால் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். பங்குனியில் பாதி மாறியும் பாதி மாறாமலும் இரண்டு மூன்றை ஒரே கரையில் பார்க்கலாம். மாடு மேய்கிற பக்கம் உண்ணிக்கொக்கு இருந்தால் தலையையும் கழுத்தையும் பாருங்கள், அதற்கும் ஆரஞ்சு ஏறத் தொடங்கியிருக்கும்.

முக்குளிப்பான் மூழ்கினால் அதே இடத்தையே முறைக்காதீர்கள். வேறெங்காவதுதான் எழும்.

5. பெயர் தெரியாவிட்டால்

உடனே புத்தகத்தையோ ஆப்பையோ திறக்காதீர்கள். சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து: இந்த நான்கில் எதன் அளவு என்று முதலில் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அலகு, வால், என்ன செய்துகொண்டிருந்தது. என் முதல் நடையில் வானத்தைக் காட்டி "அண்ணா, கழுகு!" என்று கத்திவிட்டேன். கூட வந்தவர் சிரிக்கவில்லை. "கழுகு இல்ல தம்பி, கரும்பருந்து. வாலப் பாரு, மீன் வால் மாதிரி நடுவுல பிளந்திருக்கும்" என்றார். பக்கத்துத் தந்திக்கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்திதான் என் கத்தலில் பறந்துபோனது.

செல்போனில் பறவைக் குரலை ஓடவிட்டு வரவழைப்பதைச் சிலர் பெருமையாகச் செய்வார்கள். இந்த மாதங்களில் அது அநியாயம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, கூடு கட்டுகிற வேலையை விட்டுவிட்டு அந்தப் பறவை சண்டைக்கு வரும். கூடு கண்ணில் பட்டால் நிற்காமல் நடந்துவிடுங்கள், படமும் வேண்டாம். நாம் நிற்கிற இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டே இருக்கும், கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

6. எட்டரை மணிக்கு டீக்கடை

வெயில் சுள்ளென்று ஏறியதும் பறவைகள் அடங்கிவிடும், நாமும் அடங்கலாம். டீ வந்ததும் யாராவது ஒருவர் பட்டியலை வாசிப்பார், மற்றவர்கள் விட்டுப்போனதைச் சொல்வார்கள். குரல் மட்டும் கேட்டு, இன்னதென்று உறுதியானால் அதையும் சேர்க்கலாம். பறவைப் பட்டியல்களைப் பதிகிற இ-பேர்டு செயலியில் ஏற்றுவதானால் அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுத வேண்டும், அபூர்வமானதை மட்டும் அல்ல. போன முறை எங்கள் பட்டியலை இரண்டு தடவை வாசித்து, எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டோம். டீக்கடைக் கூரையில் உட்கார்ந்து ஒன்று கரைந்த பிறகுதான் தெரிந்தது, காகத்தை யாருமே எழுதவில்லை.