கடல் ஏஞ்சல் மீன்: அழகைப் பார்த்து வாங்காதீர்கள், தின்பதைப் பார்த்து வாங்குங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் கிளவுன் மீன் நன்றாக ஓடியதும் அடுத்துக் கேட்பது ஏஞ்சலைத்தான். தாராளமாக வளர்க்கலாம். உப்பு கலப்பது, ஸ்கிம்மர் (நுரையோடு கழிவை நீக்கும் கருவி) வைப்பது, தொட்டியை சைக்கிள் செய்வது (அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும் வரை மீனில்லாமல் ஓட்டுவது) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏஞ்சலுக்கு மட்டும் தனியாகத் தெரிய வேண்டியவை இங்கே.

1. எந்த ஏஞ்சல்?

நன்னீர்க் கடையில் ஏஞ்சல் என்று விற்பது வேறு குடும்பம். கடல் ஏஞ்சலில் ஏறத்தாழ 90 இனங்கள் உண்டு. வண்ணத்துப்பூச்சி மீனா, ஏஞ்சலா என்று சந்தேகம் வந்தால் செவுள் மூடிக்குக் கீழே பாருங்கள். ஏஞ்சலுக்கு அங்கே பின்னோக்கி நீண்ட ஒரு முள் இருக்கும். அந்த முள் வலைக்கண்ணில் சிக்கும். இழுத்தால் மீனுக்குக் காயம். அதனால் ஏஞ்சலை நான் வலையால் பிடிப்பதே இல்லை. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டுவேன்.

கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது கோரான், எம்பெரர் குஞ்சுகள். கருநீல உடம்பில் வெள்ளைக் கோடுகள்: கோரானுக்கு வில் போல, எம்பெரருக்கு வட்ட வட்டமாக. இரண்டு அங்குலம்தான் இருக்கும், ஆனால் இரண்டுமே 40 செ.மீ. வரை வளரக்கூடியவை. நம் கடல் பாறைகளில் திரியும் புளூ ரிங் ஏஞ்சல் 45 செ.மீ. வரை போகும். வளர வளர நிறமும் அடியோடு மாறும். ஆறடி நீளமும் 700 லிட்டருக்கு மேல் தண்ணீரும் இல்லாதவர் இவற்றை வாங்க வேண்டாம். 'பெரிதானதும் யாருக்காவது கொடுத்துவிடலாம்' என்பார்கள். அவ்வளவு பெரிய மீனை வாங்கிக்கொள்ள நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

ரீகல் ஏஞ்சல் அழகுதான், ஆனால் பல மீன்கள் தொட்டியில் தின்னாமலே செத்துப்போகும். தொடங்குபவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதல் ஏஞ்சலுக்கு என் தேர்வு கோரல் பியூட்டி. குள்ள ஏஞ்சல் வகை, 10 செ.மீ. அளவில் நின்றுவிடும், சீக்கிரம் தீனிக்குப் பழகும். நான்கடி நீளத்தில் 250 லிட்டர் தொட்டி இருந்தால் போதும்.

2. தொட்டியும் பாறையும்

ஏஞ்சல் நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். சைக்கிள் முடிந்த மறுநாளே விடாமல், பாறையில் பச்சைப்பாசி படிந்து தொட்டி பழகும் வரை சில மாதம் பொறுங்கள். நுழைந்து ஒளிய நிறையப் பொந்துகள் வேண்டும்.

பாறைக்காகக் கடலில் பவளக்கல் பொறுக்கப் போகாதீர்கள். 2001 முதல் கடினப் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். செராமிக் பாறையும் நன்றாக ஊறவைத்துக் கழுவிய சிமென்ட் பாறையும் அதே வேலையைச் செய்யும். நான் வைத்திருப்பது அவைதான்.

3. தண்ணீர்

ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.024 முதல் 1.026, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20க்குக் கீழே. முள் ஆடுகிற ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்க்காமல் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபாருங்கள்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் பிடித்து வந்தால் என்ன என்று கேட்கலாம். பூவாரில் நெய்யாறு கலக்கிறது, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கலக்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அந்தப் பக்கத்துக் கரைத் தண்ணீரில் உப்பு இறங்கி, சேறும் கலந்திருக்கும். நான் செயற்கை உப்பும் ஆர்.ஓ. தண்ணீரும்தான் பயன்படுத்துகிறேன். செலவு கூடத்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தண்ணீர்.

வெயில் காலத்தில் தொட்டி 30 டிகிரியைத் தொடும். ஃபேன் வைத்தால் குறையும் என்பார்கள். காற்று உலர்ந்த ஊரில் அது சரி. நம் கடலோரப் புழுக்கத்தில் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது, அதனால் ஃபேன் கொடுக்கும் பலனும் குறைவு. பணம் சேர்த்துச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குவதே நல்லது.

4. கடையில்

சென்னை கொளத்தூரோ திருவனந்தபுரமோ, கடை எதுவானாலும் ஒரே விதி: கடைக்காரரிடம் தீனி போடச் சொல்லுங்கள், மீன் விழுங்குவதைக் கண்ணால் பாருங்கள். வாயில் வாங்கித் துப்பினால் அது கணக்கில் வராது. இன்று வந்திறங்கிய மீனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பார், சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நெற்றியும் வயிறும் ஒட்டியிருக்கக் கூடாது. மூச்சு வேகமாக வாங்கக் கூடாது. கண் தெளிவாக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் சயனைடு தெளித்து மீன் பிடிக்கும் பழக்கம் உண்டு. அப்படிப் பிடிபட்ட மீன் பார்க்க நன்றாக இருந்து பிறகு செத்துப்போகும். கடையில் கூடுதலாக ஒரு வாரம் நிற்கட்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைத் தண்ணீரின் ஒப்படர்த்தியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது அடுத்த படிக்கு வேண்டும்.

5. தனித்தொட்டி

வாங்கி வந்த மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மாதமாவது தனியாக வையுங்கள். கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. எல்போ (வளைந்த குழாய்த் துண்டு). பாறையும் மணலும் வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சிவிடும்.

பல கடைகள் ஒப்படர்த்தியை 1.020க்கும் கீழே வைத்திருப்பார்கள். உப்பைக் குறைப்பதை மீன் தாங்கும், சட்டென்று கூட்டுவதைத் தாங்காது. ஆகவே உங்கள் தனித்தொட்டியைக் கடை அளவுக்கு இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு நாளுக்கு 0.001 வீதம் ஏற்றுங்கள்.

வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து வழக்கமான வழி என்றாலும், குள்ள ஏஞ்சல்களுக்குச் செம்பு ஒத்துக்கொள்வது கடினம். டெஸ்ட் கிட் இல்லாமல் தொடவே வேண்டாம். பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கண் மங்கலாகி மீன் கண்ணாடியில் உரசினால் அது தட்டைப்புழுவாக இருக்கலாம், ஏஞ்சலுக்கு அது அடிக்கடி வரும். அதே வெப்பமும் பி.எச்.சும் உள்ள நன்னீரில் ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தால், டப்பாவின் அடியில் எள்ளுப் போல வெளுத்த புழுக்கள் உதிர்ந்து கிடக்கும். அப்புறம் பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து போடுங்கள்.

6. தீனிக்குப் பழக்குவது

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கடையில் தின்ற மீன்கூட வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் எல்போவுக்குள்ளேயே கிடக்கும். பெல்லட் (உருண்டைத் தீனி) போட்டால் திரும்பிப் பார்க்காது. கடலில் அது தின்றது கடற்பஞ்சும் பாசியும். மேலிருந்து மிதந்து வரும் உருண்டை உணவு என்றே அதற்குத் தெரியாது. உணவு பாறையில் ஒட்டியிருக்க வேண்டும், கொத்திப் பிய்க்கும்படி இருக்க வேண்டும்.

அதற்கு நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சிப்பி. விழிஞத்திலிருந்து கன்னியாகுமரி வரை பாறைகளில் விளையும் தவிட்டு நிறச் சிப்பி, சந்தையில் கிடைப்பதுதான். உயிரோடு, வாய் மூடியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிப்பியின் மேலோட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள். எடுத்து இளகியதும் கத்தியால் பிளந்து, சிப்பி பாறையில் ஒட்டப் பயன்படுத்தும் நார் முடிச்சை வெட்டிவிட்டு, சதையை ஒரு பாதி ஓட்டிலேயே ஒட்டியபடி விடுங்கள். விளக்கைக் குறைத்து, மீன் ஒளிந்திருக்கும் எல்போவின் வாயருகே ஓட்டைச் சாய்த்து வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுங்கள். எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது வெளியே வராது.

முதலில் ஒரு வட்டம் அடிக்கும். பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் பார்க்கும். பிறகு சதையின் ஓரத்து மடிப்பை ஒரு கொத்து. அந்தக் கொத்து விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சின்னத் தொட்டியில் அம்மோனியா ஏறும்.

சிப்பி பழகியதும் அதே ஓட்டில் கொஞ்சம் மைசிஸை (இறால் போன்ற சிற்றுயிர்) தடவி வையுங்கள். அடுத்து நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) துண்டை ரப்பர் பேண்டால் ஓட்டோடு கட்டுங்கள். நோரி எண்ணெயும் உப்பும் மசாலாவும் இல்லாததாக இருக்கட்டும். கடைசியாகப் பெல்லட்டைச் சிப்பிச் சாற்றில் ஊறவைத்துக் கொடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வேகவைக்காத சிப்பியையே நிரந்தரத் தீனியாக்கவும் கூடாது; அதிலுள்ள தயாமினேஸ் நொதி மீனின் பி1 வைட்டமினை அழிக்கும். பழகிய பிறகு நோரி தினமும், கடற்பஞ்சு கலந்த உறைதீனி அடிக்கடி, சிப்பி எப்போதாவது. ஒரேயடியாகக் கொட்டாமல் நாளுக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

பூண்டுச் சாறு சேர்த்தால் தின்னும் என்று சிலர் சொல்வார்கள். சிப்பி இருக்கும்போது அது தேவையே இல்லை.

பின்னர் சேர்த்தவை

இரவு முழுக்கப் பயணம் செய்து வந்த பையை என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் தண்ணீர் சேர்க்கும் முறை இதற்கு ஆகாது. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறும், பையில் சேர்ந்திருக்கும் அம்மோனியா அப்போது விஷமாகும். பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, முன்பே உப்பு அளவு பொருத்திய தனித்தொட்டியில் உடனே விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

கரண்ட் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் கன்னியாகுமரி மாவட்டம் நாள் கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு நேரத்துக்கு இன்வெர்ட்டர் தாங்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, கூடவே மாற்று பேட்டரிகள் வைத்திருங்கள். கரண்ட் இல்லாத நாட்களில் தீனி போடாதீர்கள்.

இரண்டாவது ஏஞ்சல் விடலாமா? நான்கடித் தொட்டியில் வேண்டாம், இரண்டும் அடித்துக்கொள்ளும். ஆறடி இருந்தால் நிறமும் உருவமும் வேறான இனமாக, முதல் மீனைவிடச் சிறியதாகப் பார்த்து வாங்குங்கள். விடும் நாளில் பாறைகளைக் கொஞ்சம் இடம் மாற்றி அடுக்கினால், பழைய மீனுக்குத் தன் எல்லை எது என்று தெரியாமல் போகும், சண்டை குறையும்.