பிராந்திய ராணுவத்தில் (டிஏ) சேவை முடிந்து வேலைக்குத் திரும்புகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசல், காலை ஷிப்ட் தொடங்கும் நேரம். இரண்டு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த என் நண்பர் பயோமெட்ரிக் மெஷினில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. செக்யூரிட்டி அண்ணன் பழைய ஆள்தான். "லிஸ்ட்ல உங்க பேரே இல்ல தம்பி, மேல ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துருங்க" என்றார். மேலே போனால், எச்ஆர் மேசையில் ஒரு தாள். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் நண்பர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்த ராஜினாமா.

டெரிட்டோரியல் ஆர்மி எனும் பிராந்திய ராணுவத்தை எல்லோரும் டிஏ என்றுதான் சொல்கிறோம். வேறு தொழிலில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படையில் சேவை செய்யும் ஏற்பாடு இது. 1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி படையைத் தொடங்கி வைத்தார். நம் பக்கத்துக்கு கோவையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சார்ந்த 110-வது பட்டாலியன் இருக்கிறது. 2025 மே மாதம், டிஏ-வின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தபோதுதான், "இதுல இருந்தா திடீர்னு கூப்பிடுவாங்களா?" என்று பலர் கேட்க ஆரம்பித்தார்கள். கூப்பிடுவார்கள். அப்போது உங்கள் வேலையைக் காப்பாற்றுவது அந்த 1948 சட்டத்தின் 7ஏ பிரிவு. சேவைக்குத் தேவையான லீவை முதலாளி கொடுக்க வேண்டும், முடிந்து வந்ததும் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. இதைச் சலுகை என்று அது சொல்லவில்லை, முதலாளியின் கடமை என்கிறது.

முதல் தவறு, நண்பர் செய்ததுதான். "சும்மா ஃபார்மாலிட்டி, வந்ததும் புதுசா ஜாயின் பண்ணிக்கலாம்" என்று சொல்லித்தான் ராஜினாமா கேட்பார்கள். கொடுக்காதீர்கள். சட்டம் கேட்பது லீவு. எனவே லீவு லெட்டர் எழுதுங்கள். அழைப்பு உத்தரவின் நகலை அதோடு இணைத்து, எந்தத் தேதியிலிருந்து, எந்த உத்தரவின்படி போகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். ராஜினாமா கைக்கு வந்துவிட்டால் "அவராகவே விட்டுப் போனவர்" என்று கம்பெனி வாதாட நீங்களே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்க அலைய வேண்டும்.

ராஜினாமா எழுதிக் கொடுக்காமலே கம்பெனி உங்களை நீக்கினால்? இங்கே சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே சாய்கிறது. அழைப்பு உத்தரவு வந்த பிறகு வேலையை விட்டு எடுத்தால், கடமையிலிருந்து தப்பிக்கத்தான் எடுத்தார்கள் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. அதனால் உத்தரவின் தேதியும் நீக்கிய தேதியும் இரண்டும் தாளில் இருக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் டீக்கடையில் சொன்னதும், வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் கட்டைவிரல் காட்டியதும் பின்னால் கைகொடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்ட்டரில் ஸ்பீடு போஸ்ட் என்றே கேளுங்கள், ரசீதை பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது காலக்கெடு. என்னைக் கேட்டால் அதிகம் பேர் வழுக்கி விழக்கூடிய இடம் இதுதான். படைச்சேவை முடிந்த இரண்டு மாதத்துக்குள் "என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று முதலாளியிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கவில்லை என்று முதலாளி நிரூபித்துவிட்டால் அதுவே அவருக்குத் தற்காப்பு. மார்ச் 31-ல் விடுவித்தார்கள் என்றால் மே மாதம் முடிவதற்குள் உங்கள் லெட்டர் கம்பெனியில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் திருப்பதி, குலதெய்வம், தங்கச்சி கல்யாணம் என்று நாள் ஓடுவது தெரியாது. லெட்டரைக் கொடுத்துவிட்டுத் திருப்பதி போங்கள்.

இதில் கூகுள் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. இதைப் பற்றித் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டம். 1994-ல் அவர்கள் கொண்டுவந்தது. அதில் 180 நாளுக்கு மேல் சேவை செய்தவருக்கு விண்ணப்பிக்க 90 நாள் அவகாசம். மொத்தச் சேவைக்கு ஐந்து வருடக் கணக்கும் உண்டு. நண்பரின் டல்லாஸ் மச்சான் "தொண்ணூறு நாள் இருக்கு, அவசரப்படாதீங்க மாப்ள" என்று போனில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. அம்பத்தூரில் அந்தத் தொண்ணூறை நம்பி உட்கார்ந்திருந்தால் ஒரு மாதம் பிந்திப் போயிருப்பார்.

நல்லவேளை, நண்பர் மூன்றாவது வாரமே வந்துவிட்டார். ராஜினாமா விஷயத்தை நான்கு நாள் பேசிப் பேசி, கடைசியில் கம்பெனி இறங்கி வந்து சொன்னது: "சரி, பழைய சம்பளத்துக்கே எடுத்துக்கறோம், டிரெய்னியா சேருங்க." கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் சட்டத்தின் வாசகம் அப்படி இல்லை. நடுவில் வேலை தடைபடாமல் இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ, அதற்குக் குறையாத வேலையும் நிபந்தனைகளும் தர வேண்டும். ஒப்பிட வேண்டியது அவர் போன நாளோடு அல்ல, திரும்பி வந்த நாளோடு. அவரோடு ஒரே பேட்சில் சேர்ந்தவர் இப்போது சீனியர் ஆபரேட்டர், இரண்டு இன்க்ரிமென்ட் வாங்கியிருக்கிறார். பேச்சு அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே "புதிய நியமனம்" என்று தலைப்பிட்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் பழைய சர்வீஸ் அறுந்துபோகும், கிராஜுவிட்டி கணக்கிலும் இடிக்கும். நண்பர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேட்ச்மேட்டின் பதவியைக் குறிப்பிட்டு ஒரு பதில் எழுதினார். இப்போது பழைய எம்ப்ளாயி நம்பரிலேயே ஆபரேட்டராக இருக்கிறார். ஒரு இன்க்ரிமென்ட் இன்னும் பாக்கி.

பிஎஃப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படையில் இருக்கும் காலத்திலும் பிஎஃப் போன்ற நிதிகளில் உங்கள் உரிமை தொடரும் என்கிறது 7பி பிரிவு. யுஏஎன் போர்ட்டலில் கம்பெனி வெளியேறிய தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் கணக்கு இருக்கும் பிஎஃப் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வேலை போய்விட்டது என்று நீங்களே காரணம் காட்டிப் பணத்தை எடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு குழப்பம், எல்லா யூனிஃபார்மையும் ஒன்றாகப் பார்ப்பது. 7ஏ பிரிவு டிஏ-வுக்கானது. அக்னிவீராக நான்கு வருடம் முடித்து வருகிறவர் பழைய கம்பெனியில் இதைக் காட்டி வேலை கேட்க முடியாது. முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீடு என்பதும் முற்றிலும் வேறு சமாச்சாரம். நம்ம தோனி 2011 முதல் டிஏ-வில் லெப்டினன்ட் கர்னல், ஆனால் அது கௌரவப் பதவி. அவரை உதாரணம் காட்டி எச்ஆரிடம் வாதாடிய ஆளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

"உங்க இடத்துல வேற ஆள் போட்டாச்சு" என்று கம்பெனி கைவிரித்தால் அதோடு வீட்டுக்குப் போய்விடுவதும் தவறு. சேர்க்க முடியாது என்பது முதலாளி தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு அல்ல. விதிகளின்படி அதற்கென இருக்கும் அதிகாரியிடம் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் விஷயத்தைக் கொண்டுபோகலாம். அவர் முதலாளிக்கு விலக்கு கொடுக்கலாம், உங்களைச் சேர்க்கச் சொல்லலாம், அல்லது இழப்பீடு தரச் சொல்லலாம். எங்கே, எப்படி மனு கொடுப்பது என்று உங்கள் யூனிட்டின் நிர்வாக அதிகாரியான அட்ஜுடன்ட்டிடமே கேளுங்கள். விடுவிப்பு உத்தரவின் நகலும் அங்கேதான் கிடைக்கும். இரண்டு மாதக் கணக்கு சேவை முடிந்த நாளிலிருந்தே ஓடும், அந்த நாள் எது என்று காட்ட அது வேண்டும்.

ஆனால் லட்சக்கணக்கில் வரும் என்று கனவு காணாதீர்கள். இழப்பீட்டின் உச்சவரம்பு கடைசியாக வாங்கிய சம்பளத்தில் ஆறு மாதம். 24,000 வாங்கியவருக்கு 1,44,000 ரூபாய். உத்தரவை மீறும் முதலாளிக்கு அபராதம் 1,000 ரூபாய் வரை. 1,000 ரூபாயைப் பார்த்து எந்த எஸ்டேட் முதலாளி பயப்படப் போகிறார்? அதனால்தான் சண்டைக்கு முன்னால் பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தைக்கு முன்னால் தாள்கள். வக்கீல் ஃபீஸுக்கு யோசிப்பவர்கள் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பார்க்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1987 சட்டப்படி அங்கே இலவச உதவி உண்டு. போகும்போது அழைப்பு உத்தரவு, விடுவிப்பு உத்தரவு, சீல் வாங்கிய லெட்டர், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, இரண்டு செட் ஜெராக்ஸோடு போங்கள்.