நெற்றியில் ஏறும் இரத்தம்: எஃப்நிர்ஸ் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளை வேலை செய்யும்போது எந்தப் பகுதிக்கு இரத்தம் கூடுகிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. இயந்திரம்தான் வேண்டும் என்றில்லை. ஒளியால் அளக்கும் எஃப்நிர்ஸ் (fNIRS) தொப்பி ஒரு பயணப்பெட்டிக்குள் அடங்கிவிடும். தலைத்தோல் வழியாகச் செந்நிறக்கீழ் ஒளியைச் செலுத்தி, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் உணரிக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது அளக்கும். ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினும் ஏறாததும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுவதால் இரண்டையும் பிரித்தறியலாம். இந்த வழியை 1977இல் ஃபிரான்ஸ் ஜோப்சிஸ் காட்டினார்.

திருகோணமலையில் ஆய்வில் இறங்கும் பிள்ளைகளின் கைக்கு எட்டுவது இரவலாக வரும் இப்படியொரு தொப்பிதான். ஒவ்வொரு குழுவும் நாங்கள் முன்பு விட்ட பிழைகளையே வரிசை தப்பாமல் விடுகிறது. பட்டரி ஏற்ற மறப்பது, கோப்புக்குப் பெயர் வைக்காதது எல்லாம் ஒருமுறை பட்டால் திருந்திவிடும். அவற்றை எழுதப்போவதில்லை.

தலைமயிர்

கறுத்து அடர்ந்த மயிர் ஒளியை விழுங்கிவிடும். எண்ணெய் வைத்த தலையில் தொப்பியும் வழுக்கும். முழுகிவிட்டு எண்ணெய் வைக்காமல் வரும்படி முதல்நாளே சொல்லிவிடுங்கள். ஒவ்வோர் உணரிக்குக் கீழும் பஞ்சுக்குச்சியால் மயிரை விலக்கித் தோலைத் தெரியவையுங்கள். ஒரு தலைக்கு அரை மணித்தியாலம் போனாலும் போகட்டும்.

இந்த வேலைக்குப் பயந்துதான் பலர் நெற்றியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மயிர் இல்லை, தொப்பி உடனே பொருந்தும், சிக்னலும் பளிச்சென்று வரும். அங்கேதான் அடுத்த வில்லங்கம் தொடங்குகிறது.

குறுந்தூரச் சனலைக் கழற்றி வைப்பது

இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குக் கோபம் ஆறுவதில்லை.

சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிகளின் நினைவாற்றலைப் பார்க்க ஒரு குழு வந்தது. ஓர் ஒளிமூலமும் அதன் ஒளியைப் பெறும் உணரியும் சேர்ந்ததுதான் ஒரு சனல். கருவிப் பெட்டியில் ஒளிமூலத்திலிருந்து 8 மில்லிமீற்றரில் பொருத்தும் குறுந்தூரச் சனல் உணரிகளும் இருந்தன. குழுவை நடத்தியவர் அவற்றைத் தொடவே இல்லை. "அந்தத் தூரத்தில் மூளையே தெரியாதே சேர், ஏன் வீணாக்குவான்?" என்றார்.

மூளை தெரியாது என்பதுதானே அதன் பயன்! 3 சென்ரிமீற்றர் சனலில் வரும் ஒளி போகும்போதும் வரும்போதும் தலைத்தோலைக் கடந்தே ஆகவேண்டும். 8 மில்லிமீற்றர் சனல் அந்தத் தோலை மட்டும் பார்க்கிறது. அதை வைத்துத் தோலின் பங்கைக் கழித்தால்தான் மிச்சத்தை மூளை என்று சொல்ல ஒரு நியாயம் உண்டு.

சுழியோடிகள் கடலுக்குப் போகும் நாளை விட்டு வந்து உட்கார்ந்தார்கள். சொற்பட்டியலை நினைவுகூரச் சொன்னபோது ஒட்சி ஈமோகுளோபின் கோடு அழகாக மேலே ஏறியது. குழுவுக்கு ஒரே சந்தோசம். நெற்றியின் இடப்பக்கம், வலப்பக்கம், நடு என்று எல்லாச் சனலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஏறுகின்றனவே என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நரம்புக்கலங்கள் வேலை செய்யும்போது அவை செலவழிப்பதைவிடக் கூடுதலான ஒட்சிசனை இரத்தம் கொண்டுவரும். ஆகவே ஒட்சிசன் ஏறாத ஈமோகுளோபின் சற்று இறங்கவேண்டும். அவர்களுடைய கோட்டில் அது இறங்கவே இல்லை.

முன்பின் தெரியாதவர்கள் சுற்றி நிற்க, பிழை விட்டுவிடுவேனோ என்று ஒருவர் யோசித்தால் இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் மாறும், நெற்றித் தோலில் இரத்தம் கூடும். பணி தொடங்கும்போது அதுவும் தொடங்கி, முடியும்போது முடியும். அதனால் எத்தனை சுற்றின் சராசரி எடுத்தாலும் அழியாது. இன்னும் தெளிவாகத்தான் தெரியும். கிரிலினாவும் கூட்டாளிகளும் 2012இல் எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்து அளந்து, நெற்றியில் இப்படி வரும் போலிச் சிக்னலின் இடம் தலைத்தோல் நாளங்கள் என்று காட்டினார்கள்.

சுழியோடிகளிடம் இன்னொன்றும் இருந்தது. யோசிக்கும்போது சிலர் தங்களை அறியாமலே மூச்சை அடக்கினார்கள். மூச்சை அடக்கினால் காபனீரொட்சைட்டு கூடும், மூளையின் நாளங்கள் விரியும், நரம்புகள் சும்மா இருந்தாலும் இரத்தம் பாயும். இது மூளைக்குள்ளேயே நடப்பதால் குறுந்தூரச் சனலும் முழுதாகக் காப்பாற்றாது. நெஞ்சில் மூச்சுப் பட்டி, விரலில் நாடி உணரி இரண்டையும் போடுங்கள். அதே அளவு பதற்றம் தந்து நினைவாற்றலைக் கேட்காத ஒரு பணியையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

அந்தக் குழுவின் தரவில் எது தோல், எது மூச்சு, எது மூளை என்று பிரிக்க ஒரு வழியும் இருக்கவில்லை. எல்லாம் போயிற்று. அந்த மனிதர்களின் கடல் வருமானமும் சேர்த்து.

தேத்தண்ணி

அளவீடு முடிந்த பிறகு கொடுங்கள். கபீன் மூளை நாளங்களைச் சுருக்கும்.

வெயில்

யன்னலை மூடி, தொப்பிக்கு மேல் கறுப்புத் துணி போடுங்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் துணிக்குள் வியர்த்து உணரி நழுவும்; அப்புறம் எழும் கோட்டைக் கண்டு மகிழவேண்டாம். காலை வேளையில் அளவுங்கள்.

பயம், அமிக்டலா

பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா மூளையின் ஆழத்தில் இருக்கிறது. ஒளி அவ்வளவு ஆழம் போகாது. வேறு தலைப்புத் தேடுங்கள்.

ஐந்து செக்கன் பணி, ஐந்து செக்கன் ஓய்வு

மூளையின் இரத்த மாற்றம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு செக்கன் ஆகும், இறங்க அதைவிடக் கூட. இப்படி அவசரப்படுத்தினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். போதாக்குறைக்கு, இரத்த அழுத்தம் ஏறத்தாழ 10 செக்கனுக்கு ஒருமுறை தானாகவே ஏறி இறங்கும். மேயர் அலை என்பார்கள். உங்கள் சுற்றும் 10 செக்கன் என்றால் இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடும், எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. ஓய்வை 20 செக்கனுக்குக் குறையாமல் வைத்து, ஒவ்வொரு முறையும் சில செக்கன் கூட்டிக் குறையுங்கள்.