வேதாகம அரசர்களின் காலத்தைக் கணித்துச் சரிபார்க்கும் முறை

செட்டிநாட்டுப் பழைய கணக்கேடு ஒன்றில் ‘சுபகிருது வருஷம்’ என்று மட்டும் இருந்தால், அது 1842-ஆ, 1902-ஆ என்பதை வேறொரு சான்றே தீர்க்க வேண்டும். வேதாகமத்தின் அரசர் கணக்கும் அவ்வாறே வெளிச்சான்றின் துணையோடுதான் கி.மு. ஆண்டாக மாறும். ஆகவே காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வேதாகம வரலாறு பயில்வோர் முதலில் மேற்காசியப் பழம்பேரரசான அசீரியாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அதிகாரியின் பெயரிட்டு எழுதிய அதன் ஆண்டுப்பட்டியல் குறிக்கும் சூரிய கிரகணம் கி.மு. 763 ஜூன் 15-இல் நிகழ்ந்தது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், இஸ்ரவேல் அரசன் ஆகாப் பங்கேற்ற கர்கார் போர் 853-இலும், பின்னர் இஸ்ரவேலை ஆண்ட யெகூ அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசாருக்குத் திறை செலுத்தியது 841-இலும் அமைகின்றன.

இடைவெளி 12 ஆண்டுகள். வேதாகமமோ இடையில் ஆண்ட அகசியாவுக்கு 2, யோராமுக்கு 12 என 14 ஆண்டுகள் தருகிறது. பிழையென்று உடனே தள்ளிவிடாதீர்கள்: அரியணையேறிய குறை ஆண்டையும் முழு ஆண்டாக எண்ணும் வழக்கு அக்காலத்தில் இருந்தது, ஆளுக்கு ஒன்று கழித்தால் 12 சரியாக வந்துவிடும். இந்தப் பொருத்தம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

எகிப்திய அரசர்களின் காலத்தைச் சில நூற்றாண்டுகள் பிந்தியதாக்கி, வேதாகம நிகழ்வுகளை அகழாய்வோடு இணைக்க முனைவோரும் உண்டு. எகிப்தில் கிடைத்த அமர்னா அரசக் கடிதங்களில் அசீரிய மன்னன் அசூர்-உபாலித் எகிப்துக்கு எழுதியிருப்பதால், எகிப்தின் காலம் நகர்ந்தால் அவன் காலமும் நகரும்; ஆகவே அவர்கள் அசீரியப் பட்டியலுக்கும் விடை சொல்லியாக வேண்டும். அந்த விடையை முதலில் கேளுங்கள், எரிகோவின் மதில் இடிந்தது பற்றிய பேச்சு பிறகு ஆகட்டும்.