வீட்டு மரத்தை வெட்டுவதா, விடுவதா? தூரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதன் பிறகு ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்பும், சுவரோடு சுவர் ஒட்டிய தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வீடுகளில் மரம் வளர்ப்போர் அச்சம் கொள்வது இயல்பே. ஆனால் அச்சத்தில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் நல்ல மரத்தைப் பலி கொள்கிறது.

மரம் விழுமா என்பதைப் பெரும்பாலும் தூர்தான், அதாவது மண்ணை ஒட்டிய அடிப்பகுதிதான், சொல்லும். எனவே முதலில் தூரைச் சுற்றியுள்ள குப்பையை அகற்றிவிட்டு, மண்ணைப் பாருங்கள். மரம் சாய்ந்துள்ள பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ மேலெழுந்தோ இருந்தால், வேர் பிடி விடுகிறது என்று பொருள். அந்த மரத்தின் அருகே யாரையும் விடாதீர்கள். நெடுங்காலமாகச் சாய்ந்து நிற்கும் மரத்தின் நுனி வளைந்து மேல்நோக்கித் திரும்பியிருக்கும். அத்தகைய சாய்வு பெரும்பாலும் ஆபத்தானதன்று. அடுத்து, அடிமரத்தைச் சுற்றிலும் மரச்சுத்தியால் தட்டுங்கள். திண்ணென்று ஒலிக்கும் இடத்தில் கட்டை உறுதியாக இருக்கும். பானையைத் தட்டினாற்போல் ஒலித்தால் உள்ளே பொந்து இருக்கலாம். பொந்து மட்டுமே மரத்தை வீழ்த்திவிடாது. சுற்றியுள்ள உறுதியான கட்டையின் தடிமன், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால்தான் கவலை வலுக்கிறது. தூரில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருப்பதும், மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ தோண்டியபோது ஒரு பக்கத்துத் தடித்த வேர்கள் அறுபட்டிருப்பதும் இதைவிட மோசமான அறிகுறிகள். இவற்றுள் இரண்டு சேர்ந்திருந்து, மரம் விழும் எல்லைக்குள் வீடோ வழியோ இருந்தால் அகற்றத்தான் வேண்டும்.

இலை கொட்டுவதையோ, முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைவதையோ காரணமாகக் காட்டி மரத்தை வெட்டுவதை என்னால் ஏற்க இயலாது. முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் மார்பளவுக்குக் கழித்துவிட்டால் மீண்டும் தழைத்துவிடும். குல்மோகரின் கிளை எளிதில் முறியும் என்பதால், கூரைமேல் நீண்டவற்றை மழைக்கு முன்பே கழித்தல் போதும்.

சொந்த நிலத்து மரமாயினும் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பித்து, பதில் பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். தெருவோர மரத்தைத் தாமாகத் தொடவே கூடாது; அதற்கு 1913 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம். மின்கம்பி அருகே கிளை இருந்தால், மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை யாரும் ஏறக்கூடாது; பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும்.

நம் பகுதி மனைகளில் மரத்தை அடியோடு சாய்க்க இடமிருப்பதில்லை. ஆகவே உச்சியிலிருந்து சிறு துண்டுகளாக இறக்குவதே வழி. இடுப்பில் பாதுகாப்புக் கச்சை கட்டிய, அனுபவமுள்ள மரமேறும் தொழிலாளியிடம் இவ்வேலையை ஒப்படையுங்கள்; ஏணியில் நின்றபடி இயந்திர வாளை இயக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கனமான கிளையை அறுக்கும்போது, அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழ்ப்பக்கத்தில் கால் பங்கு ஆழத்துக்கு அறுத்து, பின்பு சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையேல் கிளை பட்டையை உரித்துக்கொண்டு தொழிலாளியின் பக்கமே வீசப்படும். அறுக்கும் முன் கிளையை மேலுள்ள உறுதியான கவையின் வழியாக வரும் கயிற்றில் கட்டி, கீழே ஒருவர் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். தென்னையில் முதலில் குலையையும் மட்டையையும் இறக்கிவிட்டு, தண்டை மூன்றடித் துண்டுகளாக எடுக்கலாம். மழையிலும் பலத்த காற்றிலும் வேலையை நிறுத்திவிடுங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால், உடனடி ஆபத்து இல்லாதவரை அது பறக்கும்வரை பொறுங்கள்.

அடிக்கட்டை சுவரை ஒட்டியிருந்தால் பெயர்த்தெடுக்க முயலாதீர்கள்; அஸ்திவாரமும் சேர்ந்து அசையும். தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு, துளிர்க்கும்போதெல்லாம் கிள்ளி வந்தால் வேர் தானே மடியும். வேர் மக்கும்போது மண் உள்வாங்கும் என்பதால், அடுத்த சில மழைக்காலங்களில் அவ்விடத்தைக் கவனித்து மண் நிரப்புங்கள். புதிய கன்றாக வேம்போ புங்கமோ வைப்பதானால், சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் இயன்ற அளவு தள்ளி நட்டு, தூரைச் சுற்றி சிமென்ட் பூசாமல் விடுங்கள்.