தை அறுவடையும் டெம்பரேச்சர் முள்ளும்
போன தை மாதம் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும்போது என் டர்போ டீசல் காரில் ஏசி போட்டால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது, அணைத்தால் இறங்கியது. ஒர்க்‌ஷாப்பில் வாட்டர் பம்ப் போச்சு என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகவும் இல்லை, குறையவும் இல்லை.

முன் பம்பரைக் கழற்றினால், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வைக்கோல் தூசும் பதரும் கம்பளி மாதிரி அப்பி, காற்றை மறித்துக் கிடந்தது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் அதேதான். அறுவடை மெஷின் ஓடும் வயலோரமாகவும், ரோட்டிலேயே நெல் காயப்போட்ட இடங்களிலும் தினமும் போனால் வேறென்ன ஆகும்? மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, என்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்து மெதுவாகத் தண்ணீர் விட்டேன். பிரஷர் வாஷ் மட்டும் வேண்டாம், இவற்றில் இருக்கும் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

அப்புறம், முன்பு நான் ஊற்றியிருந்த போர் தண்ணீரின் உப்பு உள்ளே படியுமே என்று எல்லாவற்றையும் வடித்துவிட்டு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன், டர்போவின் சூட்டை ஆயில் இழுத்துக்கொள்ளட்டும். இப்போது ஏசியோடு போனாலும் முள் நடுவிலேயே நிற்கிறது.