மோலி மலோனோடு ஆங்கிலம்: ஒரே ஓர் ஐரிஷ் பாட்டு, நான்கு பீரியட்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசி என்றால் எழுந்து நிற்கும் பிள்ளைக்குக் குரல் தொண்டையை விட்டு வெளியே வராது, அதே பிள்ளை பாட்டு என்றால் அர்த்தம் தெரிகிறதோ இல்லையோ வாயசைக்க ஆரம்பித்துவிடும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் சில வருடங்களாக அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அப்படியே எடுத்துச் செய்யலாம் என்றுதான் இந்தப் பதிவு.

புதுப் பாப் பாட்டு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். பாப் பாட்டில் சொற்கள் ஓடிவிடும், பாதி கொச்சை, நாம் தயார் செய்து முடிப்பதற்குள் பிள்ளைகளுக்கே அது பழசாகிவிடும். ஐரிஷ் நாட்டுப்பாடலில் முதலில் ஒரு கதை இருக்கிறது. ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு குரல், பக்கத்தில் ஒரு குழலோ கிட்டாரோ, அவ்வளவுதான், சொல் ஒவ்வொன்றும் காதில் விழும். தவிர, நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய பாட்டு என்றால் வரிகளை நகலெடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலும் உரிமைப் பிரச்சினை இருக்காது.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

வகுப்புக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்த நாடுகளின் பழைய மொழிகளைக் குறிக்கும் கெல்டிக் என்பது ஆங்கிலத்தின் ஒரு வகை இல்லை. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மேங்க்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் என்று ஆறு மொழிகள் கொண்ட தனிக் குடும்பம் அது. அயர்லாந்தின் அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி, ஆனால் பெரும்பாலோர் அன்றாடம் பேசுவது ஆங்கிலம். ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நீண்ட கால ஆங்கிலேய ஆட்சி ஒரு காரணம். அப்புறம் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து வந்த பெரும் பஞ்சம். பத்து லட்சம் பேர் அளவில் இறந்தார்கள், அதே அளவுக்கு மேல் கப்பலேறினார்கள், ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிதான் அதிகம் அடிபட்டது. மிஞ்சியவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள், ஆனால் தங்கள் துக்கத்தையும் கேலியையும் ஊர்ப் பெயர்களையும் தங்கள் மெட்டில் அந்த மொழிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஆங்கிலம் வேறு யாருடையதோ என்று பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு விஷயம் எவ்வளவு தெம்பு தருகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்துக்குள் வந்த கேலிக் (அதாவது ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக்) சொற்களையும் காட்டுங்கள். ‘ஸ்லோகன்’ என்பது போர்க்களத்தில் கூட்டமாக எழுப்பும் முழக்கத்துக்கான கேலிக் சொல்லிலிருந்து வந்தது. ‘கிளான்’ என்றால் பிள்ளைகள், சந்ததி. ‘கலோர்’ என்பது ஐரிஷில் ‘போதுமான அளவு’. தேர்தல் நேரத்தில் தெருவெல்லாம் ஸ்லோகன் கேட்கிற நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் உடனே பிடித்துப்போகும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

ஐரிஷ் பாட்டு என்று தேடினால் முதலில் வந்து விழுவதில் நிறையக் குடிப் பாட்டு, கலகப் பாட்டு. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அது சரிவராது, முழு வரிகளையும் படித்துப் பார்க்காமல் எதையும் வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். நான் ஆரம்பத்துக்குச் சொல்வது டப்ளின் நகரத்து ‘மோலி மலோன்’ பாட்டு. மூன்றே சரணம். தள்ளுவண்டியில் சிப்பி விற்கும் ஒரு பெண், அவளுடைய அப்பா அம்மாவும் அதே தொழில்தான், காய்ச்சல் வந்து இறந்துபோகிறாள், இப்போது அவள் ஆவி அதே தெருக்களில் வண்டி தள்ளிக்கொண்டு போகிறது. இது அச்சில் வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அப்படி ஒரு மோலி உண்மையில் வாழ்ந்தாள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, இருந்தாலும் 1988இல் டப்ளினில் அவளுக்கு வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள். விளையாட்டு மைதானங்களில் கூட்டமே சேர்ந்து பாடும் பாட்டு இது.

முதல் பீரியட்: பாட்டே போடாதீர்கள்

அவசரப்பட்டு ஸ்பீக்கரை ஆன் செய்யாதீர்கள். சிலையின் படத்தை மட்டும் காட்டுங்கள். யார் இவள், வண்டியில் என்ன, என்ன சத்தம் போட்டு விற்றிருப்பாள் என்று கேளுங்கள். தமிழில் பதில் வந்தாலும் பரவாயில்லை, நீங்கள் அதை ஆங்கிலத்தில் போர்டில் எழுதுங்கள். இப்படியே பத்துப் பதினைந்து சொல் சேர்ந்துவிடும். பாட்டில் வரும் ‘காக்கிள்’, ‘மசல்’ இரண்டும் சிப்பி வகைகள், அதற்கு மேல் விளக்க வேண்டாம். ‘வீல்பேரோ’ என்பதற்கு, கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஜல்லி தள்ளுவார்களே அந்த வண்டி என்றால் போதும், சிலையில் இருப்பது கொஞ்சம் பெரிய வண்டி.

மீதி நேரத்தில் கதையை ஆங்கிலத்தில் ஆறேழு சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள், இறக்கிற இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆவி வருவதைச் சொல்லிவிடாதீர்கள். அது பின்னால் வேண்டும்.

இரண்டாம் பீரியட்: மூன்று தடவை கேட்பது

ப்ரொஜெக்டர் எதுவும் தேவையில்லை. ஒரு போன், ஒரு சின்ன ஸ்பீக்கர். ஸ்பீக்கரை மேசை மேல் வைக்காமல் வகுப்பின் நடுவில் ஒரு பெஞ்சில் வையுங்கள், கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேரும். பாட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் விளம்பரம் வந்தால் பிள்ளைகளின் கவனம் போயே போச்சு.

முதல் தடவை தாள் கிடையாது, பேனா கிடையாது. கேட்டுவிட்டு, எந்தச் சொல் காதில் விழுந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவைக்கு இடைவெளி விட்ட தாள். இதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள், ஐந்து சொல்லுக்கு ஒரு சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுகிறார்கள். ‘தி’யையும் ‘ஆஃப்’பையும் எடுத்தால் யாருக்கும் கேட்காது, ஏனென்றால் பாடுகிறவரே அதை விழுங்கிவிடுகிறார். எதுகைச் சொல்லை எடுங்கள். ‘சிட்டி’யைத் தாளில் விட்டுவிட்டு ‘ப்ரிட்டி’யை எடுத்தால், காது தவறவிட்டாலும் ஓசையை வைத்து ஊகிக்க முடியும். சரணத்துக்கு நான்கு இடைவெளி தாராளம். மூன்றாவது சரணத்தைத் தாளில் போடவே வேண்டாம், மூன்று தடவையும் பாட்டை இரண்டாவது சரணத்தோடு நிறுத்திவிடுங்கள். பாடகருக்குப் பாடகர் ஒன்றிரண்டு சொற்கள் மாறும், அதனால் நீங்கள் போடப்போகும் ஒலிப்பதிவைக் கேட்டே தாளை எழுதுங்கள்.

மூன்றாவது தடவை, பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிச் சரிபார்க்கட்டும்.

மூன்றாம் பீரியட்: தகிட, தகிட

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நேரம் போதவில்லை என்றால் மற்றதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். நாம் தமிழ் பேசும் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசிவிடுகிறோம். ஆங்கிலம் அப்படி இல்லை, ஓர் அசையில் ஏறி நின்று அடுத்ததைத் தாண்டிக்கொண்டு போகும் மொழி. இதை விதியாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. தாளமாகச் சொன்னால் புரியும்.

மோலி மலோன் மும்மூன்றாக நடக்கும் பாட்டு. நம் ‘தகிட’. முதல் வரியின் ‘இன்’ தாளத்துக்கு முன்னால் எடுக்கும் மூச்சு, அதற்கப்புறம் டப்-லின்ஸ்-ஃபேர் என்பது ஒரு தகிட. ‘த’ விழுகிற இடத்தில் பெஞ்சைத் தட்டச் சொல்லுங்கள், ‘கிட’வுக்குத் தொடையில் லேசாக. அடுத்தது சிட்-டி, மூன்றாவது தட்டில் ‘வேர்’, ‘தி’ என்று இரண்டு சொல் வந்து நிற்கும், இடமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது. இரண்டையும் அந்த ஒரே தட்டுக்குள் நெருக்கியடித்துச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த ‘கேர்ள்ஸ்’ தாளத்தில் விழாது. நான்கைந்து முறை தடுமாறுவார்கள், ஒருமுறை சரியாக விழும், அந்த நிமிடம் வகுப்பின் முகமே மாறும். சின்னச் சொற்களைச் சுருக்கிப் பேசுவது என்றால் என்ன என்று அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அயர்லாந்தில் ‘போரான்’ என்று ஒரு மேளம் உண்டு, வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டி, சின்னக் கட்டையால் அடிப்பார்கள். படம் காட்டினால் பிள்ளைகள் பறை என்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான், இரண்டும் சட்டத்தில் தோல் கட்டிய மேளமே. தட்டத் தெரிந்த பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான், தாளத்தை அவனிடம் கொடுத்துவிடுங்கள். குரல் உடையும் வயதில் பாடச் சொன்னால் பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், வற்புறுத்த வேண்டாம். தாளம் ஒரு குழுவுக்கு, ‘அலைவ், அலைவ், ஓ’ பல்லவி எல்லோருக்கும், சரணம் விருப்பப்பட்டவர்களுக்கு என்று பிரித்துவிட்டால் யாரும் ஒதுங்கி நிற்க மாட்டார்கள்.

உச்சரிப்பில் இரண்டு இடம் கவனியுங்கள். ‘ஸ்ட்ரீட்ஸ்’ என்பதற்கு முன்னால் ஓர் ‘இ’ வந்து ஒட்டிக்கொள்ளும், ‘ஸ்’ஸை மட்டும் பாம்பு மாதிரி நீளமாக இழுத்துவிட்டு அப்புறம் ‘ட்ரீட்ஸ்’ சேர்க்கச் சொல்லுங்கள். ‘வீல்டு’ ஒரே அசை, அதை ‘வீலெட்’ என்று இரண்டாக்கினால் தாளம் இடிக்கும், பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள்.

நான்காம் பீரியட்: ஆவியும் இலக்கணமும்

இப்போது மூன்றாவது சரணத்தைப் போடுங்கள். முதலிரண்டு சரணத்திலும் மோலியின் கதை இறந்தகாலம். கடைசியில் அவள் இறந்த பிறகு, ஆவி வண்டியை ‘வீல்ஸ்’ என்று நிகழ்காலம் வருகிறது. நான் முதல்முறை இதை நடத்தியபோது இதைக் கவனிக்கவே இல்லை. எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் கையைத் தூக்கி, “மிஸ், ஷி டைட். பட் வை வீல்ஸ்? வை நாட் வீல்டு?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை, வகுப்பிடமே திருப்பிவிட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “பிகாஸ் கோஸ்ட் இஸ் டூயிங் எவ்ரி டே, மிஸ்” என்றான். வழக்கமாக நடப்பதற்கு வரும் நிகழ்காலத்தை நான் அரை மணி நேரம் போர்டில் எழுதி விளக்கியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. அன்றிலிருந்து ஆவியைக் கடைசி வரைக்கும் ஒளித்து வைக்கிறேன்.

அதற்கப்புறம் எழுதும் வேலை. நால்வர் கொண்ட குழு, தங்கள் தெருவில் கூவி விற்கும் ஒருவரைப் பற்றி அதே மெட்டில் நான்கு வரி. எதுகை இடித்தாலும் விடுங்கள், தாளம் மட்டும் நிற்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு குழு உப்பு விற்கிறவரை எழுதியது, இன்னொரு குழு கோலமாவுக்காரரை. தாளத்துக்காக ‘ஒயிட் பவுடர்’ என்பதை ‘பவுடர் சோ ஒயிட்’ என்று திருப்பிப் போட்டார்கள். சொல் வரிசையைத் தாங்களாகவே மாற்றிப் பார்த்து, எது ஆங்கிலமாகக் கேட்கிறது எது கேட்கவில்லை என்று சண்டை போட்டார்கள், அதுவும் பாதி ஆங்கிலத்திலேயே. மதிப்பெண் போடுவதாக இருந்தால் வினைச்சொல்லின் காலத்துக்கு மட்டும் போடுங்கள், எல்லாவற்றையும் திருத்தினால் அடுத்த முறை எழுத மாட்டார்கள்.

அடுத்து எது?

ஸ்காட்லாந்தின் ‘ஸ்கை போட்’ பாட்டை எடுக்கலாம். பிரிட்டன் அரியணைக்கு உரிமை கோரிப் போரிட்டு 1746இல் கலோடன் போரில் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், ஃப்ளோரா மெக்டொனால்டு என்ற பெண்ணின் உதவியோடு வேலைக்காரி வேடத்தில் படகேறி ஸ்கை தீவுக்குத் தப்பிய கதை. ‘பானி’ (அழகான) போன்ற ஸ்காட்லாந்துச் சொற்கள் கிடைக்கும், மெட்டு தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகும், கூச்சப்படும் வகுப்புக்கு ஏற்றது. அக்டோபர் 31 நெருங்கினால் ஹாலோவீன் கேலிக் மக்களின் ‘சவின்’ திருவிழாவிலிருந்து வந்தது, அயர்லாந்தில் முதலில் குடைந்தது பூசணியை இல்லை டர்னிப் கிழங்கை என்று ஒரு வாசிப்புப் பத்தி தயார் செய்யலாம். டிசம்பர் கடைசி வாரத்துக்கு, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் எழுதி அனுப்பிய, புத்தாண்டுக்குப் பாடும் ‘ஓல்ட் லாங் சைன்’ இருக்கவே இருக்கிறது. அது ஸ்காட்ஸ் மொழியில் (கேலிக் இல்லை, ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு) இருப்பதால் முதல் சரணமும் பல்லவியும் மட்டும் எடுங்கள், கடைசிச் சரணத்தில் கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு பாடும் வழக்கத்தைப் பல்லவியிலேயே செய்து பாருங்கள். பெஞ்சுகளை முன்னாடியே ஓரமாகத் தள்ளி வைத்துவிடுங்கள், நாற்பது பேர் வட்டமாக நிற்க இடம் வேண்டும்.